துண்டில் கட்டி வந்த நாற்று

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி பேசுவார். அப்படிப்பட்டவளிடம் புகையிலை நாற்றைக் கொடுத்து வளர்க்கச் சொன்னால் என்ன ஆகும்? விதை போட்ட நாளிலிருந்து ஒரு வேளைச் சோற்றை நான் நிம்மதியாகத் தின்றதில்லை. ஒரு வாய் சாப்பிடுவேன், எழுந்து போய்க் குடிலுக்குள் எட்டிப் பார்ப்பேன், வந்து ஆறிப்போன தட்டின் முன்னால் உட்காருவேன், மேகம் கட்டுகிறதா என்று பார்க்க மறுபடி வாசலுக்குப் போவேன். "அதென்ன நாத்தா, தொட்டில் கொழந்தையா?" என்பார் அவர். தொட்டில் குழந்தையாக இருந்தால் அழுது கூப்பிடுமே. இது சத்தமே போடாமல் செத்துப் போய்விடும்.

நாங்கள் பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துக்குக் குடிவந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் அருள்புரத்தில் இருந்தோம். அங்கே அவருக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. பெரிய கம்பெனிகள் எடுக்கும் வெளிநாட்டு ஆர்டருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்போம். செக்கிங் என் பொறுப்பு. டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, பீஸ் பீஸாகத் திருப்பி, ஓட்டையும் கறையும் தேடிக்கொண்டே இருப்பேன். ஆர்டர் குறைந்து பெரியவர்களே ஆட்டம் கண்டபோது, சின்ன ஆட்கள் நாங்கள் முதலில் விழுந்தோம். மிஷின்கள் விலைபோயின. கட்டிங் டேபிளையும், அயர்ன் செக்‌ஷனில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனையும் யாரும் கேட்கவில்லை. அவற்றை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டோம்.

வந்த கையோடு அவர் ஒரு பாலித்தீன் குடில் போட்டார். எங்களைச் சுற்றி வெற்றிலைக்குப் போடும் புகையிலை நடுகிறவர்கள் நிறைய உண்டு. மழைக்காலத்தில் திறந்தவெளிப் பாத்தியில் விடுகிற நாற்று பாதிக்குப் பாதி அழுகிப் போகும். நடவு நேரத்தில் நாற்றுக்கு ஊர் ஊராக அலைவார்கள். நாம் மழை படாமல் குடிலுக்குள் வளர்த்துக் கொடுத்தால் தேடி வந்து வாங்கிப் போவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. பனியன் துணி விரித்த அதே கட்டிங் டேபிள்மேல் தென்னைநார்த் தூள் நிரப்பிய குழித்தட்டுகளை அடுக்கினோம். எக்ஸாஸ்ட் ஃபேனைக் குடிலின் ஒரு பக்கத்தில் பொருத்தினார். வேலையாட்கள் என்று பார்த்தால் நானும், கம்பெனியில் ஹெல்ப்பராக இருந்து எங்களோடேயே வந்துவிட்ட ஒரு தூத்துக்குடிக்காரப் பெண்ணும்தான்.

என் அப்பாவுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. அவர் சேவூரில் காலமெல்லாம் புகையிலை வெள்ளாமை செய்தவர். "நம்மளாட்டக் காட்டுல கெடந்து காய வேண்டாம்னுதான் உன்னையக் கம்பெனிக்காரங்களுக்குக் குடுத்தேன். நீ என்னடான்னா திரும்பவும் காட்டுக்கே வந்துட்டயே, அம்மிணி" என்றார். இத்தனை வருஷம் நாற்று விட்டவர், எங்களுக்கு ஒரு யோசனை சொல்லவும் இல்லை, எங்களிடம் ஒன்றைக் கேட்கவும் இல்லை. அவர் யாரிடமும் போய் எதையும் கேட்கிற ஆள் கிடையாது. பெற்ற பெண்ணிடம் கேட்பாரா?

புகையிலை விதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூச்சு விட்டால் பறந்துவிடும். மணலோடு கலந்து ஒரு பெட்டியில் தூவி, முளைத்து இலை விட்டதும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் ஊன்ற வேண்டும். முதல் விதைப்பு அழகாக வந்தது. குடில் முழுக்கப் பச்சை. இதைப் பார்த்துவிட்டு நாங்கள் சும்மா இருப்போமா? எங்கள் பக்கம் புது வீடு கட்டினாலும் சரி, புது மோட்டார் இறக்கினாலும் சரி, ஒறம்பரை வந்து பார்த்தாக வேண்டும். சொந்தபந்தம் எல்லாரும் வந்தார்கள். அவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்தார்கள். "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று நானே முன்னால் நடந்து காட்டினேன். வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்துவது எங்கள் ஊரில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

வந்தவர்கள் பாதிப் பேர் தங்கள் பாத்தியில் இருந்து நேராக வந்தவர்கள். காலில் சேறு. ஆளாளுக்கு ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். இதைவிட மோசமான வழக்கம் ஒன்று உண்டு. யாருக்காவது பாத்தியில் நாற்று அழுகிவிட்டால், அதில் ஒரு பிடியைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, நாற்று நன்றாக இருக்கிற இடத்துக்கு எடுத்துப் போவார்கள். "ஏனுங்க, இது என்னாச்சுன்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நோயாளியை டாக்டரிடம் கூட்டிப் போவது மாதிரி. அப்படி வந்த பிடிகளை நானே கையில் வாங்கி, பெரிய நிபுணர் மாதிரி எங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பிறகு ஒரு காலையில் தட்டின் ஓரத்தில் நாலைந்து நாற்று படுத்துக் கிடந்தது. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் பழுப்பாகி, நூலாக இளைத்திருந்தது. வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் படுத்தது. நான் இன்னும் கொஞ்சம் தெளித்தேன். வட்டம் வட்டமாகப் பரவி, பச்சையாக இருந்த குடில் அந்த வாரம் முடிவதற்குள் வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டது.

விவசாய ஆபீஸில் போய்ச் சொன்னோம். ஓர் ஆபீசர் வந்தார். மருந்து எழுதிக் கொடுப்பார் என்று நான் நின்றால், அவர் தட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "இங்க யார் யாருங்க வந்தாங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "ஒறம்பரை வந்தாங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க?" என்றேன். அவர் கோபப்படவில்லை. இது ஒரு பூஞ்சணம், அழுகின பாத்தி மண்ணில் இருக்கும், செருப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வரும், ஈரம் கண்டால் பெருகும் என்றார். படுத்த நாற்றை எந்த மருந்தும் எழுப்பாது, வருவதற்கு முன்னால் தடுத்தால்தான் உண்டு என்றார். தட்டைக் கழுவுவது, காற்றோட்டம், காலையில் மட்டும் தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, "எல்லாத்துக்கும் முன்னால அந்தக் கதவச் சாத்துங்க" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் செத்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னொருக்கா விதைச்சுப் பாப்போம் புள்ள. இதும் போச்சுன்னா பாலித்தீனப் பிரிச்சுப் போட்டுட்டு அருள்புரத்துக்கே போயிரலாம். யார் கம்பெனியிலயாவது வேல கெடைக்கும்" என்றார். அங்கே குடியிருந்த லைன் வீட்டுக்கு, அந்த டியூப்லைட்டுக்குக் கீழே, எனக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. ஒரே இடத்தில் நின்று நின்று நான் பைத்தியமாகாமல் தப்பித்ததே பெரிய விஷயம். இந்தத் தோட்டத்தில் நான் நாள் முழுக்க நடக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இந்த நாற்று பிழைத்தால் இங்கே இருப்பேன், செத்தால் அங்கே. என் தலையில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தட்டுகளை எல்லாம் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்தோம். பழைய நார்த்தூளை வண்டியில் அள்ளி வெளியேற்றிவிட்டுப் புதிதாக வாங்கி, மறுபடி விதைத்தோம். அழுகலைத் தடுக்கும் மருந்துக்கு மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் டிரம்மிலும் சுண்ணாம்பை இன்னொன்றிலும் கரைத்து, இரண்டையும் சேர்த்து ஊற்றினேன். வானம் மாதிரி ஒரு நீலம் வரும். அதில் இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படியக்கூடாது, படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். நான் ஒரு தடவை முக்கினால் போதாதா? திரும்பத் திரும்ப முக்கிப் பார்த்தேன். குடில் வாசலில் ஒரு தட்டையான தொட்டி வைத்து, கட்டிங் வேஸ்ட் துணியைப் பிளீச்சிங் தண்ணீரில் நனைத்துப் பரப்பினோம். அதை மிதிக்காமல் நானும் உள்ளே போகக்கூடாது. தூத்துக்குடிக்காரப் பெண் சலித்துக்கொண்டாள். "யக்கா, எங்க கோயிலுக்குள்ள போறதுக்குக்கூட இம்புட்டுச் சுத்தம் கேக்க மாட்டாவ."

கழுவுவதெல்லாம் சுலபம். மனுஷரை நிறுத்துவதுதான் பெரும்பாடு. வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டேன். யார் வந்தாலும் அதில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, குடிலை அங்கிருந்தே காட்டி அனுப்புவது என்று ஏற்பாடு. அதைச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வாய் வராது. மொபெட் சத்தம் கேட்டாலே மோட்டார் ரூமுக்குள் போய் ஒளிந்துகொள்வார். நான்தான் சொல்வேன். "தப்பா நெனைக்காதீங்க. நோவு வந்துருமுங்க, யாரையும் உள்ள விடறதில்லீங்க." வாய் நிறைய ங்க போட்டாலும் அது முகத்தில் அடிப்பதுதான். சிலர் சிரித்தார்கள். சிலர் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். "கம்பெனி கேட்டச் சாத்திவெச்சுப் பழகுன புத்தி" என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று இருந்தேன். என் அப்பா வருகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

அன்றைக்கு மப்பும் மந்தாரமுமாக இருந்தது, காலையிலிருந்தே தூறல். நான் குடிலுக்குள் நாற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அப்பா தடத்தில் வந்துகொண்டிருக்கிறார். பஸ் இறங்கி நடந்து வந்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு. தோளில் எப்போதும் கிடக்கும் துண்டு அன்றைக்குக் கையில் இருந்தது, மூட்டையாக, ஈரமாக. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் நேராகக் குடிலைப் பார்த்து வந்தார்.

"அப்பா, அங்கயே நில்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் நின்று, காலடியைப் பார்த்தார். "என்ன கண்ணு, பாம்பா?"

"இல்லீங்கப்பா. உள்ள வராதீங்க. அந்தத் துண்டப் பிரிக்காதீங்க."

"என்ற நாத்து முச்சூடும் படுத்துப்போச்சு சாமி. பாத்தி பாத்தியாப் போகுது. நீ இதெல்லாம் படிச்சுப் பண்றயாமா. என்னன்னு ஒருக்காப் பாத்துச் சொல்லு."

"பாக்காமயே சொல்றனுங்கப்பா. அது அழுகல்தானுங்க. உள்ள கொண்டாந்தா எனக்கும் வந்துரும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க, தண்ணி கொண்டாரேன், அங்க உக்காந்து பேசலாம்."

அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைப் பார்த்தார். அது யார் யார் உட்காரப் போட்டது என்று அவருக்கும் சேதி போயிருக்கும். என்னைப் பார்த்தார். "நானும் வெளியாளா, அம்மிணி?" என்றார். குரலை உயர்த்தவில்லை. கீழே வைத்த துண்டு மூட்டையை எடுத்துக்கொண்டார். நான் தொட்டியில் காலை நனைத்து, வீட்டுக்கு ஓடி, சொம்பில் தண்ணீர் மொண்டு திரும்பி வருவதற்குள் தடத்தின் கடைசியில் ரோட்டோரம் போயிருந்தார். கூப்பிட்டேன். காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆயுசுக்கும் என்னிடம் ஒன்றும் கேட்காத மனுஷர், முதல் தடவையாக ஒன்று கேட்டு வந்தார், அதுவும் தூறலில் நடந்து வந்தார், நான் நில்லுங்க என்று கத்தினேன். அதே சமயம், இத்தனை காலம் புகையிலை போட்டவருக்கு இது புரியாதா என்று எரிச்சலாகவும் இருந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்து வந்து, அவர் நின்ற இடத்திலும் மூட்டை வைத்த இடத்திலும் தூவினேன். அழுதுகொண்டேதான் தூவினேன். ஆனால் தூவாமல் விடவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேவூருக்குப் போன் போட்டால் அம்மாதான் எடுப்பாள். "உங்கப்பன் காட்டுல இருக்காரு" என்பாள், எந்த நேரத்தில் கேட்டாலும் அதுவே பதில். அவர் நாற்று ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டதையும் அவள்தான் சொன்னாள். இங்கே மழை விடவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்தது. கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், குடிலுக்குள் காற்று புழுங்கும், இலைமேல் ஈரம் படியும். பக்கவாட்டுப் பாலித்தீனைச் சுருட்டி மேலே கட்டுவேன், சாரல் அடித்தால் இறக்குவேன், மறுபடி சுருட்டுவேன். தண்ணீர் ஊற்றக் கை அரிக்கும். மேல்தூள் காயட்டும், காயட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். சும்மா நிற்பது மாதிரி கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை.

அப்படியும் வந்துவிட்டது. ஒரு காலையில், கடைசி மேஜையின் மூலைத் தட்டில், ஒரே ஒரு நாற்று லேசாகச் சாய்ந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. பனியன் துணியில் ஊசிமுனை ஓட்டை தேடிய கண் என்னுடையது. தண்டைப் பார்த்தேன், அடியில் பழுப்பு. தலைக்கு மேலே பாலித்தீனில் ஒரு சின்னக் கிழிசல், அதன் வழியாகச் சொட்டு விழுந்து அந்தத் தட்டு மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது. கம்பெனியில் ஒரு பீஸில் ஆயில் கறை இருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் தனியாக ஒதுக்கிவிடுவோம். அதையே செய்தேன். அந்தத் தட்டையும், அதைச் சுற்றி இருந்த தட்டுகளையும், நன்றாக இருந்ததையும் சேர்த்து, தூக்கி வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினோம். தூத்துக்குடிக்காரப் பெண் "நல்லா இருக்கத ஏன்க்கா எரிக்கிய?" என்று பதறினாள். கிழிசலை ஒட்டினோம். மற்றத் தட்டுகளுக்கு நீலத் தண்ணீரை ஊற்றினேன். பிறகு காத்திருந்தேன். விடிந்ததும் போய் அந்த மூலையைப் பார்க்கப் பயமாக இருக்கும், பார்க்காமல் இருக்கவும் முடியாது.

மூலையில் வேறொன்றும் சாயவில்லை.

"நல்லவேளை, மாமன நீ அன்னைக்கு உள்ள விடல" என்றார் என் வீட்டுக்காரர். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார். நான் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

நாற்று ஐந்தாறு இலை விட்டு, தண்டு திரண்டு நின்றது. தோட்டக்காரர்கள் வந்தார்கள். காப்பியைத் தொடாமல் போனவர்களும் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டை வெளியே எடுத்து வரச் சொல்லி வாங்கிப் போனார்கள். என் வீட்டுக்காரர் அடுத்த விதைப்புக்குத் தட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அருள்புரம் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. நான் இங்கேயே இருக்கலாம் என்று ஆகிவிட்டது. குதிக்க வேண்டியவள், குடிலின் நல்ல வரிசையில் கொஞ்சம் தட்டுகளை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமன் கேக்கவே இல்லையே" என்றார் அவர்.

"கேக்க மாட்டாருங்க" என்றேன்.

வாடகைக்கு ஒரு டெம்போ பிடித்துத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு சேவூருக்குப் போனேன். வழி நெடுக, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வது, நாற்று வேண்டாம் என்றால் இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். டெம்போ அப்பாவின் தோட்டத்துப் படல் கதவுக்கு முன்னால் நின்றது. நான் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே நீட்டினேன்.

"அங்கயே நில்லு அம்மிணி!"

அப்பா வீட்டுப் பக்கமிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். இது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"எறங்காத. காலத் தூக்கு மேல. அழுகுன பாத்தி இந்தத் தடத்தோரந்தான் இருக்குது. இந்த மண்ணு உன்ற காலுல ஒட்டிக்கிட்டுப் போயி உன்ற குடிலக் கெடுத்துப் போடும். நீ வண்டியிலயே இரு. நாத்த நான் எறக்கிக்கறேன். மேக்கால காட்டுல நட்டுக்கறேன், அங்க மண்ணு சுத்தம்."

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் படலுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியில் முழங்கை வரைக்கும் கை கழுவினார். காலையும் கழுவினார். பிறகு ஒவ்வொரு தட்டாக, இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினார். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா வளத்திருக்கறே" என்றார். அவர் தோளில் புதுத் துண்டு கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அந்தத் துண்ட அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்" என்றார்.

நான் பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. அப்பா போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். மறுபடி கை கழுவிவிட்டு, வண்டிக் கதவு வழியாக நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"குடி கண்ணு. அன்னைக்கு நான்தான் குடிக்காம வந்துட்டேன்" என்றார்.

காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்தபடி, சொம்பு காலியாகிற வரைக்கும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.